மீனாட்சிக்கு அம்மை போட்ட கதை

என் கையில் படிவம் எதையும் கொடுக்கக் கூடாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். எதையாவது எழுதி நிரப்பினால்தான் சோறு இறங்கும். உண்மை கைவசம் இருந்தால் உண்மை, இல்லாவிட்டால் அந்த நேரத்துக்கு எது அகப்படுகிறதோ அது. பேச்சிலும் இதே கதைதான். யாராவது கேள்வி கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தால், 'தெரியாது' என்கிற ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராது. (என் கணவர் இதைக் கலியாணத்துக்குப் பிறகுதான் கண்டுபிடித்தார். பாவம்.)

இந்த வியாதி எனக்கு உச்சத்தில் இருந்தது 1920களின் நடுவில், ரங்கூனில், என் பத்தொன்பதாவது வயதில். அப்போது நான் ஒரு சங்கத்துக்குக் காரியதரிசி. கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு வேறு தகுதி எனக்கு இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

சங்கம் இருந்தது லான்மடாவில், மா மியாவின் துணிக்கடை மாடியில். அது தொடங்கிய விதத்தைச் சொல்லிவிட வேண்டும். அங்கிருந்த தமிழ்ப் பெண்களில் பாதிப் பேர் கலியாணமான கையோடு கப்பலேறி வந்தவர்கள். பெற்றவள் அக்கரையில் இருப்பாள், புருஷன் ஆலையிலோ ரயிலிலோ இருப்பான். காய்ச்சல் என்றாலும் பிரசவம் என்றாலும் பக்கத்தில் உட்கார ஆள் கிடையாது. ரயில் கார்டின் மனைவி ராஜம்மாள் அக்காவுக்கு முதல் பிரசவ வலி கண்டபோது புருஷன் மாந்தளை வண்டியோடு போயிருந்தார். அப்போது அந்த மாடியில் குடியிருந்த அக்கா முனகியது கீழே கடையில் இருந்த பர்மியப் பெண்ணின் காதில் விழுந்தது. அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு மேலே ஏறி வந்து, மருத்துவச்சியை வரவழைத்து, இரண்டு நாள் நகராமல் உட்கார்ந்திருந்தார். அவர்தான் மா மியா. குழந்தை பிறந்த மறுமாதம் அவரும் ராஜம்மாள் அக்காவும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் சங்கம். நான்கு வருஷத்தில் பன்னிரண்டு பேர் ஆகியிருந்தோம்.

எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு விதி. ஒரு பெண் தனியாகச் சீக்காகக் கிடக்கிறாள் என்று காதில் விழுந்தால், என்ன வேலையாக இருந்தாலும் அப்போதே எழுந்து போக வேண்டும். அதற்கென்று ஒரு பை சுவரில் எப்போதும் தயாராகத் தொங்கும். பார்லி, சுக்கு, பழைய வேட்டித் துணி, கத்தரிக்கோல், எல்லாம் அதில் இருக்கும். விதியல்லாமல் ஒரு வழக்கமும் இருந்தது. சனிக்கிழமைக் கூட்டம் முடிந்ததும் மா மியா தன் அரக்குத் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைப்பார். அதில் லப்பெ, அதாவது ஊறவைத்த தேயிலை, எண்ணெயும் உப்பும் போட்டுப் பிசறி இருக்கும். சுற்றிலும் வறுத்த பூண்டு, எள், வேர்க்கடலை. பர்மாக்காரர்கள் வழக்குத் தீர்ந்தால் இரண்டு தரப்பும் சேர்ந்து லப்பெ தின்பார்கள். தின்றால் கோபம் முடிந்தது என்று அர்த்தம். எங்கள் சங்கத்திலும் எத்தனை சண்டை வந்தாலும் அந்தத் தட்டு ஒரு சுற்று வந்ததும் அடங்கிவிடும்.

இப்படிச் சௌக்கியமாக இருந்த சங்கத்தை நான்தான் பெரிய சபையோடு சேர்க்கலாம் என்று கிளப்பிவிட்டேன். பெரிய சபையின் பெயர் வேண்டாம். தலைமையகம் சென்னையில், கிளைகள் இந்தியா முழுவதும். பர்மாவும் அப்போது இந்தியாவில்தானே சேர்த்தி. சேர்ந்தால் நாலு பேர் மதிப்பார்கள், ஆஸ்பத்திரியில் எங்கள் பேச்சு எடுபடும் என்றெல்லாம் பிரசங்கம் செய்தேன். என் உண்மையான காரணம் வேறு. சென்னையில் ஆசிரியைப் பயிற்சிக்குப் போக எனக்கு உயிர் துடித்தது. அங்கே சபைக்கு ஒரு பெண்கள் விடுதி இருந்தது, அதில் இடம் கிளை உறுப்பினர்களுக்கு மட்டும்தான். துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா, நல்ல விடுதி என்றால் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தார்.

படிவம் வந்தது. கூடவே ஒரு விதிப் புத்தகமும் வந்தது. கிளைக்குக் குறைந்தது பன்னிரண்டு உறுப்பினர். வெள்ளைச் சேலை, நீலக்கரை. கூட்டத்தில் தின்பண்டம் கூடாது. (இந்த இடத்தில் ராஜம்மாள் அக்கா, "அப்போ எதுக்குக் கூடறது?" என்று கேட்டார்.) இவ்வளவும் நான் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அடுத்த பக்கத்தில் இருந்ததை வாசிக்கவில்லை. அது வீட்டுக்கு வந்து படிவத்தை நிரப்பும்போதுதான் என் கண்ணில் பட்டது. உறுப்பினர் அனைவரும் பிறப்பால் இந்தியக் குடும்பத்துப் பெண்களாயிருத்தல் வேண்டும்.

நாங்கள் சரியாகப் பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது, மா மியா. அந்த மண்ணிலேயே பிறந்தவர் அவர் ஒருவர்தான், அந்த விதிப்படி வெளியாளும் அவர் ஒருவர்தான்.

அப்போதே படிவத்தை எடுத்துக்கொண்டு ராஜம்மாள் அக்காவிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடியிருந்தால் அவர் அதை அடுப்பில் போட்டிருப்பார், என் சென்னையும் அதோடு சாம்பலாகியிருக்கும். நான் மேஜை முன்னால் உட்கார்ந்து அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை பரபரத்தது. பெயர் என்ற இடத்தில் 'மீனாட்சி' என்று எழுதினேன். இந்தியாவில் சொந்த ஊர் என்று அடுத்த கட்டம் கேட்டது. மீனாட்சி என்று எழுதிய கை வேறு எங்கே போகும்? 'மதுரை' என்று எழுதியது. கடல் தாண்டி வந்து யார் பார்க்கப் போகிறார்கள் என்று மையை ஊதிக் காயவைத்து, மறுநாளே தபாலில் சேர்த்தேன். மா மியாவின் இடத்தைத் திருடிவிட்டோம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. இடத்தைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்தேன், என் புத்தி அப்படி.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. மகிழ்ச்சி, வாழ்த்து, இத்யாதி. கடைசி வரியில், கிளையை நேரில் பார்வையிட்டு ஒவ்வொரு உறுப்பினருக்கும் தம் கையாலேயே சபைச் சின்ன வில்லை குத்த, சுந்தரவல்லி அம்மாள் என்ற மேற்பார்வையாளர் அடுத்த மாதக் கப்பலில் வருகிறார் என்று இருந்தது. அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

அந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு எதிரிக்கும் வரக் கூடாது. தினம் காலையில் இன்று சொல்லிவிடுவது என்று எழுந்திருப்பேன். தினம் சாயங்காலம் நாளைக்குச் சொல்லலாம் என்று படுப்பேன். நடுவில் மா மியா வேறு. அவர் நீலக்கரைச் சேலை வாங்கிவிட்டார். பிறந்ததிலிருந்து தமெய்ன் கைலி உடுத்தியே பழகியவர், கடை சாத்தியதும் ராஜம்மாள் அக்காவை வைத்துக்கொண்டு கொசுவம் வைக்கப் பழகினார். பத்து அடி நடந்தால் கொசுவம் அவிழும், இருவரும் சிரிப்பார்கள், மறுபடி ஆரம்பிப்பார்கள். உறுதிமொழி ஒன்று இருந்தது. 'யாம் அனைவேமும் ஒருதாய் வயிற்றுச் சகோதரியர் என்பதனை மனமொழி மெய்களான் உணர்ந்து' என்று ஆரம்பித்து ஒரு முழுப் பக்கம் மூச்சு விடாமல் போகும். தமிழச்சிகள் பதினோரு பேருக்கும் அது மூன்றாவது வரியில் தொண்டையில் சிக்கியது. மா மியா மட்டும் துணியை முழம் போட்டுக்கொண்டே அதை முழுக்க மனப்பாடம் செய்தார். ஒரு நாள் என்னைக் கடையில் நிறுத்தி ஒப்பித்துக் காட்டி, "சரியா வருதா எஸ்தர்? அம்மா முன்னாடி நான் தப்பு சொன்னா உங்களுக்கெல்லாம் அவமானம்," என்றார். சரியாக வருகிறது என்றேன். அன்றைக்கும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. நல்ல வெயில். கீழே டிராம் போகும்போதெல்லாம் மாடி அதிர்ந்தது, எனக்கு மட்டும் டிராம் போகாதபோதும் அதிர்ந்தது. சுந்தரவல்லி அம்மாள் மூக்குக் கண்ணாடியும் பெரிய தோல் பையுமாகப் படியேறி வந்தார். கடுகடுப்பான ஆளாக இருந்தாலாவது வெறுத்துத் தொலைத்திருப்பேன். அவரோ நல்லவராக இருந்தார். ஒவ்வொருவர் கையையும் பிடித்து விசாரித்தார், கப்பலில் வந்த தலைச்சுற்றலைப் பற்றிச் சொல்லித் தானே சிரித்தார்.

முதலில் உறுதிமொழி. பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்று ஆரம்பித்தோம். மூன்றாவது வரியில் ராஜம்மாள் அக்கா வழி தவறினார். அவரோடு இன்னும் நாலு பேர் தவறினார்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன். பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல் கணீரென்று முன்னால் போயிற்று, அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் கரை சேர்ந்தோம். யார் குரல் அது, உச்சரிப்பு வெகு சுத்தம் என்று அம்மாள் மெச்சினார். எங்கள் முன்வரிசையின் உயரத்தில் அவருக்கு ஆள் தெரியவில்லை.

பிறகு பெயர் வாசித்து வில்லை குத்துவது. வட்டமான பித்தளை வில்லை, நீல எனாமல். ஒவ்வொரு பெயராக வாசித்தார், ஒவ்வொருவராகப் போனோம். என் பெயர் பத்தாவது. அவர் என் தோளில் ஊசியை நுழைக்கும்போது என் கண் தட்டில் மிச்சமிருந்த இரண்டு வில்லைகள் மேல் இருந்தது. பதினொன்றாவதாக ஜானகி போய் வாங்கிக்கொண்டாள். ஒரே ஒரு வில்லை, ஒரே ஒரு ஆள். மா மியா கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் எடுத்துவைத்துவிட்டார்.

"மீனாட்சி," என்று வாசித்தார் சுந்தரவல்லி அம்மாள். "மதுரை! நான்கூட மதுரைதான். எந்தத் தெரு?"

மா மியாவின் கால் வைத்த இடத்திலேயே நின்றது. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

மீனாட்சி வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன். அப்படியானால் இந்தச் சகோதரி யார், பெயர் வாசிக்கவில்லையே என்று மா மியாவைக் காட்டிக் கேட்டார். அப்போது என் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. இத்தனை வருஷம் ஆகியும் அதை நினைத்தால் காது சுடுகிறது.

"வீட்டுக்காரங்க," என்றேன்.

ராஜம்மாள் அக்கா வாயைத் திறந்தார். அதற்குள் மா மியா, என் பெயர் அடுத்த தாளில் இருக்கும், அவசரமில்லை என்று சொல்லி எடுத்துவைத்த காலைப் பின்னால் வைத்துக்கொண்டார். எனக்குச் சங்கடம் வரக் கூடாதென்று அவர் அதைச் சொன்னார். நான் புதிதாக யாரையோ சேர்த்திருக்கிறேன் போலிருக்கிறது என்று மற்றவர்களும் நினைத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பேன்.

ராஜம்மாள் அக்கா, யாரடி அந்த மீனாட்சி, அவளுக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டார்.

காய்ச்சல் என்று சொன்னால் இப்போதே பார்த்துவிட்டு வரலாம் என்பார்கள். யாரும் கிட்டே போகத் தயங்குகிற நோயாக இருக்க வேண்டும். அம்மை போட்டிருக்கிறது என்றேன். வீடு எங்கே என்றார். உடனே எட்டிப் பார்க்க முடியாத தூரமாக இருக்கட்டும் என்று, ஆற்றுக்கு அக்கரையில், டலாவில் என்றேன். கூட யார் இருக்கிறார்கள் என்றார். யாரும் இல்லை என்றேன். (அந்தக் கட்டத்தையாவது காலியாக விட்டிருக்கலாம்.)

சொல்லி முடித்த பிறகுதான் நான் எந்த அறையில், யார் நடுவில் நிற்கிறேன் என்பது உறைத்தது. அம்மை போட்ட பெண் தனியாகக் கிடக்கிறாள் என்று வேறு எந்தச் சங்கத்தில் சொல்லியிருந்தாலும் ஐயோ பாவம் என்றிருப்பார்கள். எங்கள் சங்கத்தில் பதினோரு பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருத்தி சுவரில் இருந்த பையை எடுத்தாள். ஒருத்தி வேப்பிலைக்கு ஓடினாள். ஏற்கெனவே அம்மை போட்டவர்கள் யார் யார் என்று ராஜம்மாள் அக்கா கணக்கெடுத்தார். எனக்கு இன்னும் போடவில்லை என்று சொல்லப் பார்த்தேன். என் மூக்கு நுனியிலிருந்த தழும்பைத் தொட்டுக் காட்டி, நட என்றார். அம்மை கண்டவளைத் தனியாக விட்டுவிட்டு நீ இங்கே நீலக்கரைச் சேலை கட்டிக்கொண்டு நிற்கிறாயா என்று நடுவில் ஒரு திட்டு. சுந்தரவல்லி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, எனக்கும் போட்டு ஆறியிருக்கிறது, என் ஊர்ப் பெண், நானும் வருகிறேன் என்று மிச்சமிருந்த வில்லையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். மீனாட்சிக்குப் படுக்கையிலேயே குத்திவிடுவதாக எண்ணம்.

படகுத்துறைக்குப் போகிற வழி முழுக்க, மழை வரட்டும், பூகம்பம் வரட்டும், டலா முழுகிப்போகட்டும் என்று ஆண்டவரை வேண்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. சம்பான் படகில் ஐந்து பேர் ஏறினோம்: ராஜம்மாள் அக்கா, மா மியா, சுந்தரவல்லி அம்மாள், ஜானகி, நான். அம்மை போடாதவர்கள் கரையில் நின்றார்கள். சிட்டகாங்காரப் படகுக்காரர் துடுப்பைத் தள்ளினார்.

ரங்கூன் ஆறு சும்மாவே அகலம், அன்று அதற்குக் கரையே இல்லாததுபோல் இருந்தது. மா மியா பையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். டலாவில் எந்தச் சந்து என்று கேட்டார், அங்கே அவருக்கு ஒரு சித்தி இருந்தாள், ஊர் முழுக்கத் தெரியும். ஆலைக்குப் பின்னால் என்றேன். எந்த ஆலை என்றார். அரிசி ஆலை என்றேன். டலாவில் எல்லாமே அரிசி ஆலைதான். எத்தனை வயது என்றார். இருபது. புருஷன்? வெளியூர். எத்தனை நாளாக முத்து தெரிகிறது? மூன்று நாள். ஒவ்வொரு கேள்விக்கும் என் வாய் தானே திறந்து தானே மூடியது. குழந்தை உண்டா என்று கேட்டார்.

"நிறைமாசம்," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மா மியாவின் முகத்தில் தனகா மரச்சாந்து பூசியிருந்த இடமும் பூசாத இடமும் ஒரே நிறமாயின. நிறைமாதக்காரிக்கு அம்மை என்றால் என்ன அர்த்தம் என்று அந்தப் படகிலேயே அதிகம் தெரிந்தவர் அவர்தான். அப்படி இரண்டு பேரை அவர் மடியில் வைத்துப் பறிகொடுத்திருந்தார். படகுக்காரரிடம் வேகமாகத் தள்ளச் சொன்னார். பிறகு குனிந்து, கொசுவத்தை உருவி முழங்காலுக்கு மேல் சுருட்டிக் கட்டிக்கொண்டார், இறங்கியதும் ஓடுவதற்கு. ஒரு மாதம் பழகிக் கட்டிய சேலை. உதடு பர்மியத்தில் ஏதோ முணுமுணுத்தது. இல்லாத ஒரு பெண்ணுக்காக அவர் கண்ணில் நீர் தளும்பி நின்றது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மா மியா," என்றேன். "மீனாட்சி நீங்கதான்."

அவருக்குப் புரியவில்லை. யாருக்கும் புரியவில்லை. படிவம், விதி, பன்னிரண்டாவது கட்டம், சென்னை விடுதி எல்லாவற்றையும் அழுதுகொண்டே முன்னுக்குப்பின் முரணாகக் கொட்டினேன். கடைசியில் ராஜம்மாள் அக்கா அதைக் கோத்து இரண்டு வாக்கியத்தில் சொன்னார்.

மா மியா முதலில் கேட்டது இதுதான்: "அப்போ அந்தப் பொண்ணு?"

அந்தப் பெண்ணே இல்லை என்றேன்.

"யாருக்கும் ஒண்ணுமில்லையே?" என்று இன்னொரு முறை கேட்டு, இல்லை என்றதும் மார்பில் கைவைத்து நீளமாக மூச்சு விட்டார். அதற்குப் பிறகுதான் மிச்சம் அவருக்கு மெல்ல உறைக்க ஆரம்பித்தது. அது உறைப்பதை நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீரையே பார்த்தார். பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"நாலு வருஷமா என் வீட்டு மாடி ஆகுது. என் கை ஆகுது. பேரு மட்டும் ஆகலையா எஸ்தர்? அதோட விட்டியா, எனக்கு அம்மை வேற போட்டுட்டே."

ஜானகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஆற்றில் குதித்துவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். நீந்தத் தெரியாது என்பது மட்டுமே தடையாக இருந்தது, குதிப்பவளுக்கு அது ஒரு தடையா என்று யோசிக்கிற அளவுக்குப் புத்தி இல்லை.

சுந்தரவல்லி அம்மாள் விதிப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். விதி தான் செய்ததல்ல, ஆனால் இருப்பது இருப்பதுதான் என்றார். பன்னிரண்டு பேர் இல்லாமல் கிளை இல்லை, வேறு ஒருவரைத் தேடிக்கொள்ளலாம். இந்த அம்மையாரைக் கௌரவ விருந்தாளி என்று குறித்துக்கொள்ள இடம் உண்டு என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

"விருந்தாளியா?" என்றார் ராஜம்மாள் அக்கா. "அவங்க வீட்டுல விருந்தாளி நாங்கம்மா."

சொல்லிவிட்டுத் தன் வில்லையைக் கழற்றினார். ஊசி விரலில் குத்தி ரத்தம் வந்தது. அதை உறிஞ்சிக்கொண்டே வில்லையை அம்மாளின் மடியில் வைத்தார். நானும் கழற்றி வைத்தேன். அதோடு என் சென்னையும் போயிற்று. தகுந்த தண்டனைதான், ஆனாலும் வலித்தது. ஜானகி கழற்றவில்லை; அவளுக்கு அந்த நீலம் ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு வாரம் கழித்துத் தபாலில் அனுப்பினாள்.

அம்மாள் இரண்டு வில்லைகளையும் பார்த்தார். பிறகு மா மியாவிடம், பின்வரிசையிலிருந்து உறுதிமொழியைச் சொன்னது நீங்களா என்று கேட்டார். மா மியா ஆமாம் என்று தலையசைத்தார். அம்மாள் புத்தகத்தை மூடினார். சென்னைக்கு எழுதிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார். படகுக்காரர், டலாவா லான்மடாவா, ஒன்றைச் சொல்லுங்கள் என்று இந்துஸ்தானியில் கேட்டார். திருப்பச் சொன்னது மா மியா.

அன்று சாயங்காலம் தட்டு சுற்றி வந்தது. விதியை மறந்து சுந்தரவல்லி அம்மாள் இரண்டு முறை எடுத்துக்கொண்டார். மா மியா தட்டை ஒவ்வொருவரிடமாக நீட்டி, என்னிடம் வந்ததும் அடுத்தவரிடம் நகர்த்தினார். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அதற்கடுத்ததும். நான் காரியதரிசி வேலையை விட்டேன், ஆனால் கூட்டத்தை விடவில்லை. மூலையில் உட்கார்ந்து துணி கிழித்துக் கொடுத்தேன், பாத்திரம் கழுவினேன், யார் வீட்டுக்குப் பை போனாலும் அதைச் சுமந்தேன். மா மியா என்னிடம் தேவையானதைப் பேசுவார், திட்டவே மாட்டார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. எத்தனையோ நாள் வீட்டுக்கு வரும் வழியில் அழுதிருக்கிறேன்.

சென்னையிலிருந்து கடிதம் வந்தது. சுந்தரவல்லி அம்மாள் உண்மையாகவே வாதாடியிருந்தார், ஆனால் விதி விதியாகவே இருந்தது. கடிதத்தின் அடியில் அவர் கையெழுத்தில், மீனாட்சிக்கு என் அன்பைச் சொல்லவும் என்று ஒரு வரி. ராஜம்மாள் அக்கா அதை எல்லோருக்கும் சத்தமாகப் படித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அன்று புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள், கப்பலிலிருந்து இறங்கி ஒரு மாதம்கூட ஆகாதவள். தட்டு வெளியே வந்தது. மா மியா அவளுக்கு ஒவ்வொருவராக அறிமுகம் சொல்லிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார். நான் அடுத்தவருக்காக விலகி உட்கார்ந்தேன்.

"இவ மீனாட்சி," என்றார் அந்தப் பெண்ணிடம், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். "சொந்த ஊர் மதுரை. அம்மை போட்டுப் பொழைச்சவ."

தட்டு என் முன்னால் நின்றது. நான் அவசரமாக அள்ளியதில் பாதித் தேயிலை பாயில் விழுந்தது.

அன்றோடு எஸ்தர் போனாள். சங்கத்தில் மீனாட்சி, பிறகு தெருவில் மீனாட்சி, கடைத்தெருவில் பர்மாக்காரர் வாயில் மா மீனா. ஆசிரியைப் பயிற்சியை ரங்கூனிலேயே முடித்து வேலைக்குப் போனபோது எனக்கு முன்னால் அந்தப் பெயர் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருந்தது. என் கலியாண ஓலையை (பெண், மாப்பிள்ளை பெயர் அறிவிப்பை) வேதக்கோயிலில் வாசித்த ஞாயிற்றுக்கிழமை, மரியாதைக்காக வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராஜம்மாள் அக்கா, யார் அந்த எஸ்தர், நம் மாப்பிள்ளையை வேறு எவளுக்கோ கட்டிவைக்கிறார்களே என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாராம். வீட்டிலும் விடிவில்லை. நான் எதையாவது கொஞ்சம் தாராளமாகச் சொன்னால், என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "டலாவுக்குப் படகு சொல்லட்டுமா?" என்பார்.

எனக்கு முதல் பிரசவ வலி எடுத்தபோது என் கணவரும் ஊரில் இல்லை. வலி என்று சொல்லியனுப்பிய சற்று நேரத்துக்கெல்லாம் மா மியா பையும் மருத்துவச்சியுமாக வந்து நின்றார். தலைமயிர் நரைக்க ஆரம்பித்திருந்தது, மூச்சு வாங்கியது, கடையிலிருந்து ஓடியே வந்திருக்கிறார். நான் வலியில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலறினேன். அவர் பையைக் கீழே வைத்தார், கையைக் கழுவித் துடைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து என் வயிற்றில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, மேலும் கீழும் நன்றாக அழுத்திப் பார்த்தார்.

"உண்மைதான்," என்றார் மருத்துவச்சியிடம். "நான் பார்த்துட்டேன். இந்தத் தடவை மீனாட்சிக்கு நெசமாவே நிறைமாசம்."